ரஜூலா நின்ற துறைமுகங்கள்: கரையில் கால் வைத்த முதல் நாள் எப்படி இருந்தது?

கேமரன் மலை - பள்ளி விடுமுறை நெருங்கினால், தோட்டத்துக் குடும்பங்களின் புலனக் குழுக்களில் இப்போது உல்லாசக் கப்பல் விளம்பரங்களும் வந்து விழுகின்றன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள், கொழுந்து பறித்தே காலம் கழித்த அப்பா அம்மாவை ஒருமுறையாவது கப்பலில் அனுப்பிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பினாங்கு, லங்காவி, புக்கெட் என்று பக்கத்திலேயே சுற்றி வரும் பயணம் ஒரு வகை. வசதி உள்ளவர்கள் விமானத்தில் ஐரோப்பாவுக்குப் போய், பார்சிலோனாவிலோ ரோம் நகருக்குப் பக்கத்திலோ கப்பலேறி, மத்தியதரைக்கடல் ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருவது இன்னொரு வகை.

எந்த வகையானாலும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். கப்பல் நிற்கிற ஊரில் எவ்வளவு நேரம் இறங்கிச் சுற்றலாம்?

இந்தக் கேள்வி நம் சமூகத்துக்குப் புதிதல்ல. இன்றைய பெரியவர்களின் தாய் தகப்பனும் தாத்தா பாட்டியும் இந்நாட்டுக்கு வந்த கப்பலும் துறைமுகம் துறைமுகமாக நின்றுதான் வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. ஆனால் கப்பல் நின்றதும் இறங்கி ஊர் பார்க்கும் உரிமை எல்லாருக்கும் இருக்கவில்லை. யார் நேராக ஊருக்குள் நடக்கலாம், யார் முகாமுக்குப் போகவேண்டும் என்பதை அவர்கள் கையில் இருந்த சீட்டு முடிவு செய்தது. கரையில் கழிந்த அந்த முதல் நாளைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. ரஜூலா என்ற பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பத்து மணி நேரம் எப்படி ஆறாகிறது

முதலில் இன்றைய பயணத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். மத்தியதரைக்கடலில் ஓடும் உல்லாசக் கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடும், பகலில் நிற்கும். காலை ஏழு, எட்டு மணிக்குத் துறைமுகத்தைத் தொட்டு, மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். காகிதத்தில் அது பத்து மணி நேரம். கையில் கிடைப்பது அவ்வளவு இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்குவதால் வரிசை நீளும். திரும்பும்போது, கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகவே ஏறியிருக்க வேண்டும்.

மிச்ச நேரத்தைத் தூரம் தின்னும். விளம்பரத்தில் ரோம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் நகரம் 70 கிலோமீட்டருக்கும் மேல். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறி வரும் தூரத்தைவிட அதிகம். புளோரன்ஸ் என்று போட்டிருந்தால் கப்பல் லிவோர்னோவில் நிற்கும். அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஏதென்ஸ் மட்டும் பரவாயில்லை, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வந்துவிடும். போக வர ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஊரில் உண்மையாக நிற்பது ஐந்து, ஆறு மணி நேரம்தான்.

தாமதமாகி வந்தால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேரவேண்டும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த பேருந்துச் சுற்றுலாவில் போனவர்களுக்கு மட்டும் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். அந்தச் சுற்றுலாவின் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூட்டுவலி உள்ள பெற்றோரை அனுப்புகிறவர்கள் இந்த விஷயத்தில் சிக்கனம் பார்க்காமல் இருப்பது நல்லது.

சில ஊர்களில் பெரிய கப்பல் கரையை அணையவே முடியாது. கிரேக்கத்தின் சன்தோரினித் தீவில் கப்பல் கடலிலேயே நிற்கும். பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றிக் கரை சேர்ப்பார்கள். கரை என்றாலும் அது மலையின் அடிவாரம். ஊர் உச்சியில் இருக்கிறது. கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும், அல்லது நூற்றுக்கணக்கான படிகள் ஏறவேண்டும்.

இப்படி ஐந்து மணி நேரத்துக்கு வந்துபோகும் கூட்டத்தை அந்த ஊர்களும் இப்போது அளந்துதான் அனுமதிக்கின்றன. குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் நகரம் 2019 முதல், ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கும் சுமார் 4,000 பயணிகளுக்கும் மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டது. 2021 ஆகஸ்டு முதல் வெனிஸ் நகரின் நடுக் கால்வாய் வழியாகப் பெரிய கப்பல்கள் போகக்கூடாது. கிரேக்கம் 2025 முதல் கப்பல் பயணிகளிடம் தனிக் கட்டணம் வாங்குகிறது; சன்தோரினியிலும் மிக்கோனோஸிலும் கூட்டம் மிகுந்த மாதங்களில் ஆளுக்கு 20 யூரோ.

கேமரன் மலையில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீண்ட விடுமுறை வந்தால் பிரிஞ்சாங் பக்கம் வாகனங்கள் நகராமல் நிற்கும். சுங்கை பாலாஸ் தேயிலை மையத்தில் ஒரு கோப்பைத் தேநீர், நாலு படம், பிறகு இறக்கம். மலையைப் பார்த்தோம் என்று அவர்கள் ஊர் திரும்புவார்கள். லயத்து வீடுகளும் அங்கே இருப்பவர்களும் அந்தப் படத்தில் இருப்பதில்லை. ஒரு நாள் விருந்தாளி எதைப் பார்ப்பார், எதைப் பார்க்கமாட்டார் என்பது இங்குள்ளவர்களுக்கு மறுபக்கத்திலிருந்து தெரியும்.

நாகையில் படகு, கப்பலில் பாய்

சன்தோரினியில் இன்று நடப்பதுபோலவே, அன்று நாகப்பட்டினத்திலும் கப்பல் கரையை அணையவில்லை. நாகை ஆழமில்லாத திறந்த கடற்கரை. கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய், அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு மாற்றுவார்கள். கடலையே அதற்குமுன் பார்த்திராத உள்நாட்டுக் கிராமத்துக்காரருக்கு, பயணத்தின் முதல் பயமே அதுதான்.

அதற்கு முன்பாகவே அவர் ஒரு முகாமைப் பார்த்திருப்பார். தோட்ட வேலைக்கு வருகிறவர்களைச் சென்னைக்கு அருகில் ஆவடியிலும், நாகப்பட்டினத்துக்கு அருகில் பாப்பாகோவிலிலும் இருந்த குடியேற்ற முகாம்களில் சில நாள் தங்கவைத்தார்கள். மருத்துவச் சோதனை, அம்மைக் குத்து, பெயர்ப் பதிவு எல்லாம் அங்கே. கங்காணி கூட்டி வந்த ஆளானாலும் தானாக வந்த ஆளானாலும் இந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும். கப்பல் கூலியை அவர் கொடுக்கவேண்டியதில்லை. 1907இல் மலாயாவில் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி அதைக் கட்டியது. தோட்ட முதலாளிகள் தலைக்கு இவ்வளவு என்று செலுத்திய பணம் அது. இலவசம் என்ற சொல்லுக்கு அர்த்தம் அவ்வளவுதான்: ஆளுக்காக யாரோ ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார்கள்.

ரஜூலா 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தம். எடை ஏறத்தாழ 8,500 டன். கேபின் வசதி சில பத்துப் பேருக்கு மட்டும். டெக் பயணிகளாக 5,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்ற அதற்கு ஆரம்பத்தில் உரிமம் இருந்தது. இன்று ஐயாயிரம் பேரை ஏற்றும் உல்லாசக் கப்பலின் அளவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரு டெக் பயணிக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று ஊகிக்கலாம். பாய் விரிக்கும் அகலம். தகரப் பெட்டி தலைமாட்டில். பொதுச் சமையல், பொதுத் தண்ணீர்.

நாகையிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ ஐந்து நாள். ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின்மேல் படை அனுப்பிய கடலும் இதுதான். நாகையிலிருந்து கெடாவுக்குத் தமிழர் கப்பல் ஓட்டிய பெருமையைப் பேசாத விழா கிடையாது. அதே கடலில், தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, டெக்கில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்த ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிப் பேச அந்த விழாக்களில் நேரம் போதுவதில்லை. இங்கே இருக்கிற பெரும்பாலோர் படைத்தலைவன் வழி வந்தவர்களில்லை. பாயில் படுத்து வந்தவர்களின் பிள்ளைகள்.

கரை தெரிந்தது, ஊர் தெரியவில்லை

பினாங்கு கண்ணுக்குத் தெரிந்ததும் கப்பலில் ஆரவாரம் கிளம்பும். மருத்துவ அதிகாரி ஏறிப் பார்ப்பார். முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகள் பொதுவாகச் சோதனை முடிந்ததும் இறங்கி ஊருக்குள் போய்விடலாம். டெக் பயணிகளுக்கு வேறு வழி. அவர்களைப் படகில் ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டுபோவார்கள்.

பினாங்குத் தீவின் கிழக்குக் கரைக்கு எதிரே இருக்கும் சின்னத் தீவு ஜெரெஜாக். 1868இல் அங்கே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு வந்தது. 1870களில் குவாரண்டைன் முகாமும் அமைந்தது. அதாவது, கப்பலில் வந்தவர்களுக்குத் தொற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை ஊரோடு சேரவிடாமல் வைத்திருக்கும் இடம். துணிமணிகளை ஆவியில் அவித்துக் கொடுப்பார்கள். குளிக்கச் சொல்வார்கள். அம்மைக் குத்து மறுபடியும் நடக்கும். எல்லாம் சரியாக இருந்தால் சில நாளில் விடுவார்கள். கப்பலில் ஒருவருக்கு அம்மையோ காலராவோ கண்டிருந்தால் அந்த நாள்கள் நீளும். தெற்கே இறங்கியவர்களுக்கு போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இதே மாதிரி முகாம். சிங்கப்பூரில் இறங்கியவர்களுக்குச் செயிண்ட் ஜான்ஸ் தீவு.

ஆகவே நம் முன்னோர்களில் பலர் மலாயாவில் கழித்த முதல் நாள், ஊரே இல்லாத ஓர் இடத்தில் கழிந்தது. பினாங்கின் கடைத்தெருவில் 1833 முதல் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலையோ, தண்ணீர்மலைப் பக்கத்துச் செட்டியார் கோயிலையோ அவர்கள் பார்க்கவில்லை. தமிழ்ப் பேச்சு கேட்கும் தெரு, சில மைல் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

முகாம் தேவையில்லை என்று சொல்ல முடியாது. அம்மையும் காலராவும் அக்காலத்தில் கப்பலிலேயே ஆட்களைக் கொன்றன. தோட்டத்துக்குள் நுழைந்திருந்தால் லயம் லயமாகச் சாய்த்திருக்கும். ஆனால் காலரா கேபினுக்கும் டெக்குக்கும் வித்தியாசம் பார்க்காது. முகாம் மட்டும் பார்த்தது. நோய்க்கான விதி, சீட்டின் விலைப்படி ஆளுக்கு ஆள் மாறியது என்பதுதான் அதில் உறுத்தும் விஷயம்.

இந்த இடத்தில் மத்தியதரைக்கடல் மறுபடியும் வருகிறது. குவாரண்டைன் என்ற சொல்லே அந்தக் கரையில் பிறந்தது. 1377இல் டுப்ரோவ்னிக், அன்றைக்கு ராகுசா என்று பெயர், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருகிறவர்கள் நகருக்கு வெளியே 30 நாள் தங்கிய பிறகே உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டது. பிறகு அது 40 நாளாக வளர்ந்தது; நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் குவாரண்டைன். 1423இல் வெனிஸ் நகரம் இதற்கென்றே ஒரு தீவை ஒதுக்கியது. கப்பல், தீவு, காத்திருப்பு என்ற அந்த ஏற்பாடு நூற்றாண்டுகள் கடந்து பேரரசுகளோடு சேர்ந்து பயணப்பட்டு ஜெரெஜாக் வரை வந்தது. டுப்ரோவ்னிக் கோட்டைச் சுவருக்கு வெளியே பழைய குவாரண்டைன் கட்டடங்கள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. இன்று கப்பலில் போகும் மலேசியத் தமிழர் ஒருவர் அங்கே இறங்கினால், அவருடைய கொள்ளுப்பாட்டி தங்கவைக்கப்பட்ட முகாமின் மூத்த வீட்டை, கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு தாண்டிப் போகலாம்.

துறைமுகத்திலிருந்து மலைக்கு

முகாமிலிருந்து விட்டபிறகும் ஊர் சுற்ற நேரம் கிடையாது. தோட்டத்து ஆள் வந்து பெயர் கூப்பிட்டு, ரயிலேற்றிக் கொண்டுபோவார். கேமரன் மலைக்கு வந்தவர்கள் பினாங்கில் இறங்கியிருந்தாலும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியிருந்தாலும், ரயிலில் தாப்பா ரோடு நிலையத்துக்கு வந்து, தாப்பா வழியாக மலையேற வேண்டும். மலை பகாங்கில் இருந்தாலும் வாசல் பேராக்கில்தான் இருந்தது.

இங்கே தேயிலை வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தேயிலை 1933இல் வந்தது. ஆனால் 1930இல் உலகப் பொருளாதாரம் விழுந்து ரப்பர் விலை சரிந்ததும், இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பதை மலாயா நிறுத்திவிட்டது. அந்த ஓரிரு ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களை அதே கப்பல்களில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1934இல் மறுபடியும் ஆள் எடுத்தார்கள். 1938 ஜூனில் இந்திய அரசு, உதவிப் பணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது.

ஆக, நிதியின் செலவில் கப்பலேறி நேராகக் கேமரன் மலைக்கு வந்திருக்கக்கூடிய காலம் மிகவும் குறுகியது. மற்றவர்கள் கீழே ரப்பர்க் காட்டிலிருந்து மேலே வந்தவர்களாகவோ, பிற்பாடு சொந்தக் காசில் உறவினரைத் தேடி வந்தவர்களாகவோதான் இருக்க முடியும். தன் குடும்பம் எந்த ஆண்டில் வந்தது என்று தேடுகிறவர்களுக்கு இந்தத் தேதிகள் உதவும். தாத்தா 1932இல் புதிதாக ஆள் எடுப்பில் வந்தார் என்று வீட்டில் சொன்னால், அந்த ஆண்டை மறுபடியும் விசாரிப்பது நல்லது.

மத்தியதரைக்கடலில் மூழ்கிய ரோனா

ரஜூலாவுக்கு ஒரு தங்கை இருந்தது. பெயர் ரோனா. அதே 1926இல் கட்டப்பட்டு, அதே வழியில், அதே மாதிரி டெக் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. போர் வந்ததும் இரண்டையும் சிப்பாய்களை ஏற்றும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

1943 நவம்பர் 26ஆம் தேதி, அல்ஜீரியாவின் கரைக்கு அப்பால், மத்தியதரைக்கடலில் ரோனா போய்க்கொண்டிருந்தது. ஜெர்மானிய விமானம் ஒன்று வானொலி அலையால் வழிநடத்தப்பட்ட குண்டை ஏவியது. கப்பல் மூழ்கியது. 1,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். இந்தியர்கள் பெரும்பாலோராக இருந்த கப்பல் ஊழியர்களிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்தப் போரில் அமெரிக்கா கடலில் சந்தித்த மிகப் பெரிய இழப்புகளில் அது ஒன்று. புது வகைக் குண்டைப் பற்றி வெளியே தெரியக்கூடாது என்று பல பத்தாண்டுகள் அந்தச் செய்தி மூடி வைக்கப்பட்டது. பினாங்குக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய கப்பல், உல்லாசக் கப்பல்கள் இன்று போய்வரும் கடலின் அடியில் கிடக்கிறது.

ரஜூலா தப்பியது. போர் முடிந்ததும் பழைய வழிக்குத் திரும்பி வந்தது.

கடைசி முப்பது ஆண்டு

போருக்குப் பிந்திய ரஜூலாவைத்தான் இன்றைய பெரியவர்கள் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்போது அது கூலி ஏற்றும் கப்பலாக இல்லை. கடைக்காரர், ஆசிரியர், கல்யாணத்துக்குப் போகிறவர், பிள்ளையைத் தாத்தாவிடம் காட்டப் போகிறவர் என்று எல்லாரும் அதில் ஏறினார்கள். தடுப்பூசிச் சான்றுப் புத்தகத்தைக் காட்டி இறங்குவது வழக்கமாயிற்று. பினாங்கில் கப்பல் நிற்கும் நாளில் உறவினரை வரவேற்கவும் வழியனுப்பவும் ஜெட்டியில் கூட்டம் சேர்ந்தது.

கதவு மட்டும் மெல்லச் சாத்திக்கொண்டே வந்தது. 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்களைக் கடுமையாகக் குறைத்தது. 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. 1969க்குப் பிறகு, இங்கேயே பல காலம் உழைத்தும் குடியுரிமைக் காகிதம் இல்லாத தோட்டத் தொழிலாளர்கள், சுமார் 60,000 பேர் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள், இந்தியாவுக்குத் திரும்பினார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டு அவர்கள் மறுபடியும் நின்ற இடம் கப்பல் துறைதான். வந்தபோது ஊருக்குள் விடாத அதே கரை.

1973இல் ரஜூலாவை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. மறு ஆண்டே அது உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பல பயணிகள் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையே ஓடிய பயணிகள் கப்பல் அத்தோடு நின்றது. அதற்குள் விமானம் பழகிவிட்டது.

காகிதம் வைத்திருப்பவரே இறங்கலாம்

இன்று மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் இத்தாலி, கிரேக்கம், ஸ்பெயின் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக அந்நாடுகளின் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். அவ்வளவுதான் கூடுதல் வேலை. கொள்ளுத் தாத்தாவைப் படகில் வைத்துத் தீவுக்கு அனுப்பிய உலகம், கொள்ளுப் பேரனைப் புன்னகையோடு உள்ளே விடுகிறது.

எல்லாருக்கும் அப்படி இல்லை. தோட்டங்களில் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவர்கள் உண்டு. நிரந்தரவாசிகள், குடிமக்கள் அல்லர். இங்கேயே மணமுடித்து, பிள்ளை பெற்று, பேரன் எடுத்தும் அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. பிள்ளைகள் கூடி அப்பா அம்மாவுக்குக் கப்பல் சீட்டு எடுக்கும்போதுதான் பல வீடுகளில் இது நினைவுக்கு வருகிறது. 2011இல் நடந்த மைடஃப்தார் பதிவு இயக்கம் போன்ற முயற்சிகள் பலருடைய ஆவணச் சிக்கல்களை வெளியே கொண்டுவந்தன. சிக்கலின் வேர் பெரும்பாலும் ஒன்றே: யார், எப்போது, எந்தக் கப்பலில், எங்கே வந்து இறங்கினார் என்பதைச் சொல்லும் காகிதம் வீட்டில் இல்லை. லயம் மாறும்போதும், வெள்ளத்திலும், கரையானிலும் அது போய்விட்டது.

இருப்பதையாவது காப்பாற்றலாம். பழைய கடப்பிதழ், தடுப்பூசிப் புத்தகம், கப்பல் சீட்டின் அடிக்கட்டை, தோட்டத்துச் செக்ரோல் நகல், குழந்தையாக இறங்கியவரின் பெயர் ஒட்டியிருக்கும் தாயின் பயணப் பத்திரம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரு பக்கமும் படம் எடுத்து வைப்பது முதல் வேலை. லேமினேட் செய்யவேண்டாம், பழைய தாளை அது கெடுத்துவிடும்.

காகிதமே இல்லாத வீட்டில் கேள்வி இருக்கிறது. 1938க்கு முன் கைக்குழந்தையாக வந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயதை ஒட்டி ஆகிறது. ஐம்பதுகளில் வந்தவர்களும் எழுபதை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள். எந்த ஊர் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், எந்த முகாமில் இருந்தார்கள், கப்பலின் பெயர் ரஜூலாவா, ரோனாவா, வேறா, முதலில் கால் வைத்தது பினாங்கிலா, போர்ட் சுவெட்டன்ஹாமிலா, தீவில் எத்தனை நாள் இருந்தார்கள், அப்போது தீபாவளி வந்ததா, மழையா வெயிலா என்று கேட்க வேண்டும். ஆண்டு நினைவில்லாதவர்களுக்கு மழை நினைவிருக்கும்.

கப்பலின் பெயரும் மாதமும் கிடைத்துவிட்டால் தேதியை நெருங்கிவிடலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அக்கால ஆங்கில நாளிதழ்களின் கப்பல் செய்திப் பகுதியைத் திறந்தால், எந்தக் கப்பல் எந்த நாளில் வந்தது, எப்போது கிளம்பியது என்று இருக்கும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. கேபின் பயணிகளின் பெயர்களை மட்டும் அச்சிடுவது அந்த நாளிதழ்களின் வழக்கம். டெக் பயணிகள் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். அதற்காகத் தேடாமல் விடவேண்டாம். ஒரு குடும்பத்துக்குத் தேவையான தேதி அந்த ஒற்றை வரியில் இருக்கக்கூடும். கோலாலம்பூரில் உள்ள மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் காலனித்துவ ஆட்சிக் காலத்துக் கோப்புகளைப் பொதுமக்கள் பார்க்க முடியும்.

ஜெரெஜாக் முகாம் போருக்குப் பிறகு காசநோய் மருத்துவமனையாகவும், 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாகவும் இருந்தது. தீவைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை. பிறையிலிருந்து பழைய பினாங்குப் பாலத்தில் தீவை நோக்கிப் போகும்போது, இடப்பக்கம், கரையை ஒட்டிப் பச்சையாகத் தெரிவது அதுதான்.